சுவரில் ஒரு கோடு

பெசன்ட் நகரில் கடலுக்கு நான்கு தெரு தள்ளி எங்கள் குடியிருப்பு. காரை நிறுத்தும் இடத்துக்கு நேர் எதிரே வெள்ளையடித்த சுற்றுச்சுவர். பன்னிரண்டு வருடமாக இரவுதோறும் அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் வண்டியை அணைக்கிறேன். டிம் லைட் அதில் விழும்போது மேலே இருட்டு, கீழே வெளிச்சம், இரண்டுக்கும் நடுவே வேட்டிக் கரை பிடித்தாற்போல ஒரு கோடு. இடது பக்கம் மட்டும் லேசாக மேலேறும். இத்தனை வருடத்தில் அதைக் கவனித்ததே இல்லை. கோடு காணாமல் போன இரவில்தான் அப்படியொன்று இருந்ததே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஹெட்லைட்டில் இருந்த ஹாலஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி பல்புகளை நானே மாட்டினேன். பானெட்டைத் திறந்து, கப்ளரை உருவி, ரப்பர் மூடியை எடுத்து, கம்பி கிளிப்பைத் தள்ளி, பழையதை நீக்கிப் புதியதைச் செருக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சுவிட்சைப் போட்டதும் சுவர் முழுக்க நீலம் பாய்ந்த வெள்ளை. சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மாமரக் கிளை, அதற்கும் மேலே பக்கத்து வீட்டு முதல் மாடியில் காயப்போட்டிருந்த துணிகள், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். சுவரின் வலது கோடியில், கேட் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் பெரியவர் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார். “இன்னா சார் இது, கண்ணைத் தொறக்கவே முடியல” என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் சுவரை ஒழுங்காகப் பார்த்தேன். கோடு கலைந்திருந்தது. மாடியில் காயும் துணியை என் கார் விளக்கு எதற்குக் காட்ட வேண்டும்? ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் அல்லவா அது?

இந்த வேலையைச் சென்னையில் இன்று யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்துவிட முடிகிறது. ஆன்லைனில் வாங்கலாம், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கலாம். கல்லூரி மாணவர் பைக்குக்கு மாற்றுகிறார், ஷேர் ஆட்டோக்காரர் மாற்றுகிறார், என்னைப் போல் ஐம்பதைத் தாண்டியவர் பழைய காருக்கு மாற்றுகிறார். இவர்களில் யாரும் அடுத்தவர் கண்ணைக் குருடாக்க நினைத்து மாற்றுவதில்லை. சாலை தெரியவில்லை, அவ்வளவுதான். பெயின்ட் அடிக்காத வேகத்தடை, நடு ரோட்டில் படுத்திருக்கும் மாடு, கறுப்புச் சட்டையில் குறுக்கே வரும் ஆள். எதிரே வரும் வண்டிகளெல்லாம் வெள்ளை வெளிச்சத்தில் மிதந்து வர, நம் மஞ்சள் விளக்கு மட்டும் சாமி படத்துக்கு முன்னால் எரியும் அகல்போல ஆகிவிடுகிறது. அவர் போட்டதால் நான், நான் போட்டதால் இன்னொருவர். இப்படியே போனால் இதற்கு முடிவு ஏது?

பெட்டியில் 20,000 லூமன்

நான் வாங்கிய பெட்டியில் 20,000 லூமன் என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரர், “சார், இதைப் போட்டீங்கன்னா ராத்திரியே பகல் மாதிரி இருக்கும்” என்றார். நம் ஊர்க் கார்களில் மிகுதியாக இருக்கும் எச்4 ஹாலஜன் பல்பின் கணக்கு இதற்குப் பக்கத்திலேயே வராது. டிம்மில் சுமார் 1,000 லூமன், பிரைட்டில் சுமார் 1,650. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். ஆயிரம் எங்கே, இருபதாயிரம் எங்கே என்று எவருக்கும் தோன்றும். அந்த ஆயிரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்கு அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் செய்திருக்கும் வேலையைப் பார்த்தால் எண்ணம் மாறும்.

எச்4 பல்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள் (கண்ணாடியை விரலால் தொடாமல், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும்). உள்ளே இரண்டு இழைகள். முன்னால் இருப்பது டிம்முக்கு. அதன் அடியில் கரண்டிபோல ஒரு சின்ன உலோகக் கிண்ணம். அந்தக் கிண்ணம் கீழ்நோக்கிப் போகும் ஒளியைத் தடுத்துவிடுகிறது. அதனால் ஹெட்லைட்டின் குழிவான ரிஃப்ளெக்டரில் மேல் பாதி மட்டும்தான் டிம்முக்கு வேலை செய்கிறது. மேல் பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பி ரோட்டில் விழுகிறது. சுவரில் தெரியும் கோட்டுக்கு மூலம் அந்தக் கிண்ணத்தின் விளிம்பு. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள். ஆகவே இடது பக்கம் மட்டும் ஒளி கொஞ்சம் மேலேறும்படி, ஓரத்தில் நடப்பவரையும் பெயர்ப்பலகையையும் காட்டும்படி, வலது பக்கம் எதிரே வருபவர் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். 1971ல் வந்த ஏற்பாடு இது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. இழையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலும் ஒளி போய்ச் சேரும் இடம் மாறும். எல்இடி பல்பில் இழை கிடையாது. ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் சிப் ஒட்டியிருக்கும். நடுவில் பட்டையின் கனம். மேலேயும் கீழேயும் ஒளியே இல்லாத நிழல். சிப் அகலமாக இருந்தால் ஒளி பிறக்கும் இடமே பெரிதாகிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் சிப்பை இழையின் அளவுக்குச் சுருக்கி, அதே இடத்தில் வைக்க முயல்கிறார்கள். மலிவானவற்றில் அந்தக் கவலை இல்லை. நான் வாங்கியதில் கிண்ணம் பெயருக்கு ஒரு தகடாக இருந்தது. கடிகாரத்தில் 3க்கும் 9க்கும் நேராக இருக்க வேண்டிய சிப்புகள் சாய்ந்து நின்றன. ஒளி கூடியது உண்மை. கூடியதில் பெரும்பகுதி மாமரத்துக்குப் போனது. இன்னொன்றும் உண்டு. வண்டிக்கு மிக அருகே தரை பளிச்சென்று ஆகிவிட, நம் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிச் சுருங்கிவிடும். தூரத்தில் இருப்பது முன்னைவிடக் குறைவாகத் தெரியும். ஓட்டுபவருக்கோ “சூப்பரா தெரியுது” என்ற நினைப்பு. இந்த நினைப்புதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

நடந்து வருகிறவர்கள்

ஆகஸ்ட் 29ஆம் தேதி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேற்றம். செப்டம்பர் 8 வரை திருவிழா. கொடியேற்றத்தன்று காவி உடுத்தியவர்கள் நகரத்தின் எல்லாத் திசையிலிருந்தும் நடந்தே வருவார்கள். வெறுங்காலோடு வருகிறவர்கள் உண்டு, கைக்குழந்தையைத் தோளில் போட்டு வருகிறவர்கள் உண்டு. அடையாறு பக்கமிருந்து வரும் சாலைகளில் நடைபாதை போதாமல் பாதிச் சாலை அவர்களுடையதாகிவிடும். அந்த நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேல் பெசன்ட் அவென்யூவில் கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எதிரே ஒரே ஒரு வண்டி கண்கூச வந்தால் போதும், அதன் பக்கவாட்டில் நடப்பவர்கள் அத்தனை பேரும் மறைந்துபோவார்கள். ஒளிக்கு இரண்டு அடி தள்ளி நிற்கும் மனிதர் இல்லாமல் போய்விடுவார்.

கண்ணுக்குள் நடப்பது இதுதான். கூர்மையான ஒளி விழிக்குள் நுழையும்போது விழிலென்ஸில் சிதறி, விழித்திரை முழுக்க ஒரு பனிமூட்டம்போலப் படர்கிறது. மங்கலான உருவங்கள் அந்த மூட்டத்துக்குள் அமிழ்ந்துவிடுகின்றன. வயது ஏற ஏறச் சிதறல் கூடும். கண்புரை தொடங்கியிருந்தால் இன்னும் மோசம். ஒளி கடந்துபோன பிறகும் கண் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி பார்வை தடுமாறினால் 50 மீட்டர். பெசன்ட் அவென்யூவில் 50 மீட்டருக்குள் ஒரு குறுக்குத் தெரு, ஒரு டீக்கடை, நாலைந்து நாய், வாக்கிங் போகும் பெரியவர்கள் எல்லாம் அடங்கிவிடும்.

2022ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. இதில் கண்கூச்சத்துக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நடப்பவர்களை இத்தனை பேர் இழக்கும் நாட்டில், அவர்களை மறைக்கும் ஒளியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறோம்.

8 மீட்டர், அரை மீட்டர், ஒன்றரை மீட்டர்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல் 106ஆம் விதி எனக்கு மிகவும் பிடித்தது. முன்பக்கம் வெளிச்சம் காட்டும் விளக்கு கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். யாருடைய கண்ணையும் கூச வைக்கக் கூடாது. யாருடைய கண் என்பதற்கு அளவும் தருகிறது: விளக்குக்கு முன்னால் 8 மீட்டர், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம். எதிரே வருகிற ஒரு மனிதரை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது சட்டம். டேப் ஒன்று இருந்தால் எவரும் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

எல்இடி மாட்டிய அன்றிரவே நான் அளந்தேன். காரை ரிவர்ஸில் எடுத்து, முன்னால் எட்டு மீட்டர், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளிச் சற்றே குனிந்து நின்றேன். டிம்மில்தான் எரிந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. கண்ணை மூடிய பிறகும் உள்ளே பச்சையாக இரண்டு வட்டம் மிதந்துகொண்டிருந்தது.

இதற்கு முந்தைய 105ஆம் விதியோ, இரவில் முன்னால் 155 மீட்டர் தூரம் வரை மனிதர்களும் வண்டிகளும் தெளிவாகத் தெரியும்படி விளக்கு எரிய வேண்டும் என்கிறது. நன்றாகப் பார், அடுத்தவரையும் பார்க்கவிடு என்று இரண்டு விதிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. 111ஆம் விதி, முன்பக்கம் ஸ்பாட் லைட் பொருத்தவே கூடாது என்கிறது. விதிவிலக்குக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். பைக் ஹேண்டில் பாரில் இரண்டு குட்டி எல்இடிகளைக் கட்டிக்கொண்டு ஈசிஆரில் போகும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொன்னதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஹாலஜனுக்கான ஹெட்லைட், ஹாலஜன் பல்பை வைத்துத்தான் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது. அதற்குள் வேறொன்றைச் செருகினால் அந்த ஒப்புதல் நம் கையிலேயே கலைந்துபோகிறது. கம்பெனியிலேயே எல்இடியோடு வரும் வண்டிகளின் கதை வேறு. அவற்றில் விளக்கு முழுவதும் எல்இடிக்காகவே வரையப்பட்டது. ஜப்பானின் கொய்டோ நிறுவனத்தின் இந்திய ஹெட்லைட் தொழிற்சாலை நமக்குப் பக்கத்தில்தான், திருவள்ளூர் சாலையில் புதுச்சத்திரத்தில் இருக்கிறது. விளக்கு செய்வதில் நமக்குக் கைப்பழக்கம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

என் தலைமுறைக்கு ஒரு நினைவு இருக்கும். ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம், அல்லது மேல் பாதியில் கறுப்புப் பட்டை. போலீஸ்காரர்கள் வண்டியை ஓரங்கட்டி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். லாரியும் வேனும் எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றிதழுக்குப் போகும் முன் அதை மறக்காமல் ஒட்டிக்கொள்ளும். ஒளியியல் தெரிந்தவர்கள் அதைப் பெரிய தீர்வாகச் சொல்ல மாட்டார்கள். ஒளியைக் குறைக்குமே தவிரக் கோட்டை வரையாது. ஆனாலும் எதிரே வருபவரின் கண்ணைப் பற்றி ஒரு நினைப்பு அந்தக் கறுப்பு வட்டத்தில் இருந்தது. இன்று சாலையில் தேடினால் அது அரிதாகத்தான் கிடைக்கிறது.

கடற்காற்று செய்த வேலை

மறுநாள் சாஸ்திரி நகர் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். நாற்பது வருடமாகத் தொழிலில் இருப்பவர். புதுப் பல்பைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை. “பழசு ஏன் சார் டல்லாச்சு, அதப் பாத்தீங்களா?” என்று கேட்டார். பார்த்திருக்கவில்லை.

ஹாலஜனை மறுபடி மாட்டச் சொல்லி, இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தார். 13.8 வோல்ட். அடுத்து ஹெட்லைட் கப்ளரில் வைத்தார். 11.9. “ரெண்டு வோல்ட் வழியிலயே போச்சு” என்றார். கப்ளரைப் பிரித்துக் காட்டினார். பித்தளை முனைகள் பாசி பிடித்ததுபோலப் பச்சையாக இருந்தன. பாடியில் எர்த் கொடுத்த இடத்தில் போல்ட்டைச் சுற்றித் துரு. “பீச் பக்கத்து வண்டின்னா இதான் சார். கிரில், ஏசி, டிவி எல்லாத்தையும் திங்குற உப்பு, வயரை மட்டும் உட்டுருமா?”

ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறையும். பத்து சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். எனக்குப் போனது ஏறத்தாழ பதினான்கு சதவீதம், வெளிச்சத்தில் நாற்பது. அதற்கு மேல் ஹெட்லைட் டூமின் வெளிப்பக்கம் வெயிலில் பழுத்து மஞ்சளாகியிருந்தது. அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட். வெயில் தாங்க மேலே ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். அது உரிந்துவிட்டால் பழுக்கத் தொடங்கும். ஆக, மாற்ற வேண்டியது பல்பே இல்லை.

எர்த் இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை உலோகம் தெரிய வைத்து, புது லக் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். கப்ளரை மாற்றினார். பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் எடுக்கும் ரிலே கிட் ஒன்றை ஃபியூஸோடு மாட்டினார். சுவிட்ச் இனி ரிலேயை மட்டும் இயக்கும், விளக்குக்குப் போகும் கரன்ட் தடித்த வயரில் போகும். டூமை நானே வீட்டில் தேய்த்தேன்: 800, 1500, 2000 என்று தண்ணீர்த் தாள், பிறகு பாலிஷ், கடைசியில் வெயில் தாங்கும் கிளியர் கோட். கிளியர் கோட்டை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி பழுத்துவிடும். மொத்தச் செலவு அந்த எல்இடி ஜோடியின் விலையில் பாதிகூட இல்லை. ஹெட்லைட் மங்கிவிட்டது என்று நினைக்கும் கடலோரக்காரர்கள் ஒவ்வொருவரும், பல்பு வாங்கும் முன் கப்ளரில் ஒரு மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வண்டியில் ஹெட்லைட் தவிர இன்னும் எத்தனையோ விளக்குகள் உண்டு. எல்இடி மீதிருந்த ஆசை எனக்கு அவற்றில் தீர்ந்தது. 52ஆம் பிரிவு அவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து, சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. நம்பர் பிளேட் விளக்கு, முன் பார்க்கிங் விளக்கு இரண்டும் பெரும்பாலும் 5 வாட் சின்ன பல்புகள். எல்இடியில் எரியாவிட்டால் பழுது என்று நினைக்காதீர்கள். கழற்றித் திருப்பிச் செருகினால் எரியும். ஹாலஜனுக்கும் இழை பல்புக்கும் பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படியில்லை.

பின்பக்கம்தான் கவனம் வேண்டும். சிவப்பு மூடிக்குள் வெள்ளை எல்இடியை மாட்டினால் வெளியே ரோஸ் கலரில் சோகையாகத் தெரியும். வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உள்ளபடி ஒரு நீல எல்இடி. மேலே மஞ்சள் பூச்சு. அதில் சிவப்பு கொஞ்சம்தான். அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்இடி, ஆரஞ்சு மூடிக்கு ஆரஞ்சு. பின்னால் வருகிறவருக்குச் சிவப்பு காட்ட வேண்டும் என்பது 108ஆம் விதியும்கூட.

பிரேக் விளக்கும் டெயில் விளக்கும் ஒரே பல்பில் இருக்கும் வண்டிகளில் 21 வாட், 5 வாட் என்று இரண்டு இழை. டெயில் மட்டும் எரியும்போது மங்கலாக, பிரேக் பிடித்ததும் பல மடங்கு பளிச்சென்று. பின்னால் வருபவர் அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் காலைத் தூக்குகிறார். மட்டமான எல்இடியில் இந்த வித்தியாசம் பாதியாகிவிடும். பிரேக் பிடித்ததே தெரியாது. பகல் வெயிலில் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து, பிரேக்கை மிதித்து, “தெரியுதா?” என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் பழைய பல்பே இருக்கட்டும்.

இண்டிகேட்டரில் எல்இடி போட்டால் டக்டக்டக் என்று இரட்டை வேகத்தில் அடிக்கும். கரன்ட் குறைந்ததும், பல்பு ஒன்று போய்விட்டது என்று ஃபிளாஷர் நினைத்துக்கொள்கிறது. இதற்குக் கடையில் 6 ஓம் ரெசிஸ்டர் தருவார்கள். எரியும் நேரத்தில் அது 30 வாட் அளவுக்குச் சூடாகும். பிளாஸ்டிக் மீதோ வயர் கட்டின் மீதோ பட்டால் உருகிவிடும். எல்இடிக்கென்றே உள்ள ஃபிளாஷரை மாற்றுவது மேல்.

கடலுக்குத் திரும்ப முடியாத குஞ்சுகள்

இந்த வெள்ளை வெளிச்சத்தைத் தவிர்க்க, பெசன்ட் நகர் போன்ற கடற்கரைப் பகுதிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை எலியட்ஸ் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. ஒரு குழியில் நூற்றுக்கும் மேல் முட்டைகள். 45 நாளுக்கு மேல் மணலுக்குள் இருந்து, இரவில் குஞ்சுகள் வெளியே வருகின்றன. கடல் எந்தப் பக்கம் என்பது அவற்றுக்கு வெளிச்சத்தால் தெரிகிறது. நகரம் வருவதற்கு முன், இரவில் வெளிச்சமான திசை என்றால் அது கடல்தான். இப்போது ரோடு பக்கம்தான் வெளிச்சம். குஞ்சுகள் ரோட்டை நோக்கி ஊர்கின்றன. 1988 முதல் கடலாமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பினர் பருவந்தோறும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் இருட்டில் நடந்து முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் புதைத்துக் காவல் காக்கிறார்கள். டார்ச் அடிப்பதைத் தவிர்க்கிறார்கள். பருவத்தில் கடற்கரையின் உயர்கோபுர விளக்குகளை இரவில் அணைக்க வைத்ததும் இவர்களைப் போன்றவர்களின் விடாத முயற்சிதான்.

குஞ்சுகளை மிகவும் இழுப்பது நீலம் கலந்த ஒளி. மஞ்சளும் சிவப்பும் அவ்வளவாக இழுப்பதில்லை. நாம் ஆசைப்பட்டு வாங்கும் 6,000 கெல்வின் வெள்ளையில் கூடுதலாக இருப்பது அதே நீலம். மார்ச் மாத இரவில், கடலைப் பார்க்கக் காரை மணல் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, ஹெட்லைட்டை அணைக்காமல் பேசிக்கொண்டிருப்பவர்களை கடற்கரையில் நிற்கும் ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். தெரிந்து செய்வதில்லை. சொன்னால் உடனே அணைத்துவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு சிறுமி, “ஆமை வருமா அங்கிள்?” என்று கேட்டு, காருக்குள் எரிந்த சின்ன விளக்கையும் அணைக்கச் சொன்னாள்.

எல்இடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் 2020ல் ஒரு வழி திறந்தார்கள். குறிப்பிட்ட எல்இடி பல்பு, குறிப்பிட்ட கார் மாடல், இரண்டையும் சேர்த்து ஆய்வகத்தில் சோதித்து, கோடு கலையாமல் விழுகிறது என்று உறுதியான பிறகே பட்டியலில் சேர்க்கிறார்கள். பட்டியலில் உங்கள் கார் இருந்தால் மாட்டிக்கொள்ளலாம். பிரிட்டனில் 2021 முதல், ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி மாட்டிய கார்களுக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனையில் தேர்ச்சி இல்லை. நமக்கு ஜெர்மனியின் வழி பொருந்தும் என்று நினைக்கிறேன். புனேயில் வாகன ஆராய்ச்சிக் கழகம் 1966 முதல் இயங்குகிறது. ஒரகடத்திலேயே மத்திய அரசின் சோதனை மையம் இருக்கிறது. இந்தியச் சாலைகளில் அதிகம் ஓடும் ஐம்பது மாடல்களுக்கு இதைச் செய்தால் போதும். கடைக்காரர் எதை விற்கலாம், நாம் எதை வாங்கலாம் என்பது தெளிவாகிவிடும். அதுவரை “இது போட்டால் எஃப்சியில் பிரச்சினை வருமா?” என்பதோடு கேள்வியை நிறுத்திக்கொள்கிறோம். எதிரே வருபவருக்குப் பிரச்சினை வருமா என்று கடையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஹாலஜனோ எல்இடியோ, எந்த பல்பு மாற்றினாலும் ஹெட்லைட்டை அட்ஜஸ்ட் செய்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு சுவரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். சமதளத் தரை, டயரில் சரியான காற்று, டிரைவர் சீட்டில் ஒருவர். உள்ளே விளக்கைத் தாழ்த்தும் திருகு இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டி. விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, சுவரில் அதே உயரத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். டிம்மின் கோடு அந்த டேப்புக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கீழே வர வேண்டும். ஒரு பக்கத்தை அட்ஜஸ்ட் செய்யும்போது மறுபக்கத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை இரவு இதைச் செய்தேன். என் மகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஹாலஜன்தான், 13.4 வோல்ட். திருகைக் கால் சுற்றுத் திருப்பியதும் சுவரில் கரை பிடித்தாற்போல அந்தக் கோடு இறங்கி, டேப்புக்கு ஆறு சென்டிமீட்டர் கீழே நின்றது. இடது பக்கம் லேசாக மேலேறியது. மாமரக் கிளை இருட்டில் இருந்தது. கேட் ஓரம் வாட்ச்மேன் பெரியவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாலைப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தம் கேட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கை உயரவில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டு மறுபடி படிக்கத் தொடங்கினார்.